ஆரஞ்சு டட்சன் 240இசட், 3.1 லீட்டர், வயல் ரோடு: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கல்லடிக்காரன்

இந்த 200 மீட்டர் ரேஸ் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு நடந்தது. இடத்தைச் சொல்ல மாட்டேன். அம்பாறைப் பக்கம் வயலுக்கு நடுவே நேராகக் கிடக்கும் தார் ரோடு, அவ்வளவுதான். கார் எல்லாருக்கும் தெரிந்த அந்த ஆரஞ்சு இசட். உள்ளே இருப்பது இப்போது நிசானின் எல்28 எஞ்சின் பிளொக், டீசல் எஞ்சினின் கிராங்க் தண்டு, மூன்று இரட்டை வெபர் கார்பரேட்டர். போட்டிக்கு வந்து நின்றது ஒரு நிசான் லீஃப், மின்சாரக் கார். ஹயருக்கு ஓடுகிற லீஃப்! சிரித்துக்கொண்டுதான் இசட்டின் இடப்பக்க சீட்டில் ஏறினேன்.

ரேஸ் தொடங்கத் துவாய் இறங்கியது. இசட்டை ஓட்டின அண்ணன் கிளச்சை விட்டார். பின் டயர் இரண்டும் கத்துகின்றன, கார் நகரவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் புகையோடு நெல் பறக்கிறது. காயப்போட்டு அள்ளியதில் மிஞ்சிக் கிடந்த மணிகள். என் ஜன்னலுக்கு வெளியே லீஃப் சத்தமே இல்லாமல் போகிறது. அதன் பின்சீட்டில் ஒரு சின்னப்பிள்ளையின் சிவப்புத் தண்ணீர்ப் போத்தல் ஆடிக்கொண்டிருந்தது, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுகா டயர் பிடித்தது பாருங்கள், என் தலை சீட்டில் மோதி, ஆறு சிலிண்டர் சத்தமும் நெஞ்சுக்குள் இறங்கியது. மூன்றாம் கியரில் லீஃபைத் தாண்டினோம். அது 200 மீட்டர் கோட்டுக்கு முந்தியா பிந்தியா? கோட்டில் நின்ற பொடியன் லீஃப் என்கிறான், அண்ணன் இசட் என்கிறார். உள்ளே இருந்த எனக்கே தெரியவில்லை.

தோஹா_மட்டக்களப்பான்

200 மீட்டர் எல்லாம் ஒரு ரேஸா? கால் மைல் என்றால் 402 மீட்டர். போர் அடித்து (சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி) 3.1 ஆக்கின எஞ்சினுக்கு அதன் பாதியில் மூச்சே வந்திருக்காது.

இங்கே கத்தாரில் டிராக் ரேஸ் ஓடுபாதையில் நான் பார்த்தது வேறு. பச்சை விளக்கு விழுந்தும் ஒருவர் கொஞ்சம் தூங்கிவிட்டார். நேரச் சீட்டு வந்தபோது அவருடைய ஓட்ட நேரம்தான் குறைவு, ஆனால் தோற்றது அவர். மனுசன் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்ட நேரம் கார் தொடக்கக் கோட்டை விட்டு அசைந்த பிறகுதான் எண்ணப்படும். வெற்றி கடைசிக் கோட்டை முதலில் தாண்டினவனுக்கு. அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள். எவ்வளவு வேகத்தில் தாண்டினார் என்பது கணக்கில் இல்லை.

லேத்_பொடியன்_சம்மாந்துறை

தோஹா காக்கா, போர் அடித்து மட்டும் 3.1 வராது. எல்28 என்பது 86 மில்லிமீட்டர் போர், 79 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 2753 சீசி. போரை 89 ஆக்கினாலும் 2.95க்குக் கிட்டத்தான் நிற்கும். எல்டி28 டீசல் கிராங்கின் ஸ்ட்ரோக் 83. இரண்டும் சேர்ந்தால்தான் 3.1. ஸ்ட்ரோக்கர் என்று சொல்வதே அந்தக் கிராங்குக்காகத்தான்.

அந்தக் கிராங்க் சாக்கில் சுற்றி முச்சக்கரவண்டியில் வந்து இறங்கியபோது நான் கடையில் இருந்தேன். பிஸ்டன் தலையில் தங்கச்சியின் பள்ளிக்கூடக் களியை அப்பி, ஹெட்டை வைத்துப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, திரும்பக் கழற்றி, பிளேட்டால் வெட்டிப் பார்த்தோம். எக்சோஸ்ட் வால்வுப் பக்கம் களி கடதாசி மாதிரி மெலிந்து, அடியில் பிஸ்டனின் அலுமினியம் மின்னியது. முதலாளி ஒன்றும் பேசவில்லை, பிஸ்டனைக் கழற்றிப் பள்ளம் எடுக்கச் சொன்னார். இரவாகிவிட்டது. அந்த எஞ்சினை முதன்முதலில் ஸ்டார்ட் பண்ணின அன்று பார்த்து எனக்கு லீவு. ரோட்டில் போகிற சத்தத்தைக்கூட இன்னும் கேட்கவில்லை.

ஆரையம்பதி_மருமகன்

நான் அந்தக் காரைப் பெட்ரோல் செட்டில் ஒருதரம் பார்த்தேன். நிரப்பிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் பிடிக்கவில்லை, நாலு பேர் தள்ளினார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் சிலது சொல்ல வேண்டும். எல் எஞ்சினில் கார்பரேட்டரும் எக்சோஸ்டும் ஒரே பக்கம். எங்கட வெயிலில் நிறுத்தினவுடன் கீழே இருந்து சூடு ஏறி, கார்பரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதிக்கும். தள்ளினது அதனால்தான். நடுவே ஒரு தகட்டு மறைப்பு, பெட்ரோல் குழாயை எக்சோஸ்டுக்குத் தூரமாகக் கொண்டுபோவது, நிறுத்தினதும் பொனட்டைத் திறந்துவிடுவது, மூன்றும் வேண்டும். கம்ப்ரஷன் ஏற்றின எஞ்சினுக்கு 92 ஒக்டேன் பெட்ரோல் ஊற்றவே கூடாது, 95 ஊற்றுங்கள். முழு எக்ஸிலேட்டரில் டிக் டிக் என்று கேட்டால் உடனே காலை எடுங்கள், பிஸ்டன் ஓட்டையாகும். மற்றது, ஸ்ட்ரோக் கூடினால் பிஸ்டன் வேகமும் கூடும். 7,000 சுற்றில் 79க்குச் சராசரி வினாடிக்கு 18.4 மீட்டர், 83க்கு 19.4. பழைய பழக்கத்தில் 7,500க்கு இழுக்காதீர்கள், மேலே இழுக்கிறதற்கு இல்லை அந்த எஞ்சின், கீழேயே பலம் இருக்கிறது. டயரின் பக்கத்தில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 3519 என்றால் 2019இன் 35ஆம் வாரம். பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் வரி) தேயாமல் நிறைய இருந்தாலும் பழையது பழையதுதான். பின் அச்சுத் தண்டுகளின் யூ ஜொயின்ட் (மடங்கிச் சுழலும் இணைப்பு) நாலையும் மாற்றாமல் கிளச்சை உதைத்து விட வேண்டாம். நெல்லில் சுழன்றதற்குச் சந்தோசப்படுங்கள், பிடித்திருந்தால் அங்கேயே ஒன்று போயிருக்கும்.

கல்லடிக்காரன்

மருமகன், யார் கேட்டது? நான் கேட்டது கோட்டை யார் தாண்டினது என்று.

வயல்காரன்_மகள்

“மிஞ்சிக் கிடந்த மணிகள்” என்று எழுதியிருக்கிறார் ஒருவர். மிஞ்சினது இல்லை அண்ணன், அள்ள வைத்திருந்தது. ரோட்டின் ஒரு பக்கம் வாப்பா பாதியை மூட்டை கட்டிவிட்டு, தைக்கிற ஊசி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் வாய்க்காலுக்குள் பாதி நெல், மீதியில் ரப்பர் வாசம். வாப்பாவும் உம்மாவும் கூட்டிப் புடைத்தும் கறுப்புத் தூள் போகவில்லை. ஆலைக்காரன் அதை எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். கோழிக்குப் போட்டோம்.

ரோட்டில் காயப்போடுவது பிழைதான் என்று யாரோ கட்டாயம் எழுதுவீர்கள். களம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள், அங்கே போடுகிறோம்.

தோஹா_மட்டக்களப்பான்

தங்கச்சி, நீங்கள் அங்கே நின்றிருந்தால் கோட்டைத் தாண்டினது யார் என்று சொல்லலாமே.

வயல்காரன்_மகள்

நான் நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லடிக்காரன்

தங்கச்சி, எத்தனை மூட்டை என்று தனியே எழுதுங்கள். அண்ணனிடம் வாங்கித் தருகிறேன். லீஃப்காரரிடமும்.