பாசியைத் தின்றுவிட்டுப் பசுங்கணிகத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் கடல் உயிரி: எத்தனை நாள் தாங்கும்?

மேலூர் டீச்சர்
வணக்கம். மேலூர்ப் பக்கம் பிளஸ் ஒன்னுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். கடலில் சில ஒருசெல் உயிரிகள் பாசியைத் தின்று, அதன் பசுங்கணிகத்தை (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பை) மட்டும் செரிக்காமல் வைத்து ஒளிச்சேர்க்கை செய்துகொள்ளும் என்று வகுப்பில் சொன்னேன். "ஆடும் நாள் முழுக்க இலைதானே திங்குது, அது ஏன் டீச்சர் பச்சையாகலை?" என்று கேட்டாள் ஒரு பிள்ளை. அவளுக்குச் சரியான பதில் கொடுக்கணும். எடுத்த பசுங்கணிகம் எத்தனை நாள் ஓடும், ஏன் நின்றுபோகிறது?

மண்டபத்துக்காரன்
டீச்சர், எனக்கு ஊர் உசிலம்பட்டி, வேலை மண்டபத்தில் மிதவை உயிரிகளோடு. அந்தப் பிள்ளை கேட்டது அருமையான கேள்வி.

ஆடு இலையைச் செரிப்பது குடலில், அதாவது செல்லுக்கு வெளியே. பசுங்கணிகம் முழுசாக ஆட்டின் செல்லுக்குள் போக வழியே கிடையாது. ஒருசெல் உயிரியோ இரையைத் தன் செல்லுக்குள்ளேயே விழுங்குகிறது. செரிக்காமல் விட்டால் உள்ளேயே தங்கிவிடும்.

ஆனால் தங்கினால் மட்டும் போதாது. பசுங்கணிகத்தின் கைவசம் நூற்றுச் சொச்சம் மரபணுக்கள்தான். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை பாசியின் உட்கருவை நம்பியிருக்கின்றன. வெயில் படப்பட உள்ளே தேய்மானம் வேறு. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை இரவல் வாங்கி ஓட்டலாம். காயில் கருகினால் கட்டுவதற்கு ஆள் வேண்டுமே! மெசோடினியம் ரூப்ரம் என்ற குறுஇழை உயிரி அந்த ஆளையும் சேர்த்தே தூக்கி வந்துவிடுகிறது. கிரிப்டோஃபைட் பாசியின் உட்கருவையும் தனக்குள் வைத்து வேலை வாங்குகிறது. அந்த உட்கரு 30 நாள் வரை இயங்குவதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அது ஓய்ந்ததும் புதுப் பாசி பிடிக்கணும்.

கதை இதோடு முடியலை. டைனோஃபைசிஸ் என்ற இன்னொரு ஒருசெல் கடல் உயிரி மெசோடினியத்தைக் குத்தி உறிஞ்சி, அது எடுத்துவைத்த பசுங்கணிகத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது. 2006இல் தென்கொரியாவில் இதை முதன்முதலாக ஆய்வகத்தில் வளர்த்ததே மெசோடினியத்தை இரையாகப் போட்டுத்தான். கிரிப்டோஃபைட்டுக்கும் அந்தப் பசுங்கணிகம் பிறந்தவீட்டுச் சொத்து இல்லை, ஒரு காலத்தில் சிவப்புப் பாசியை விழுங்கி வந்தது! நுண்ணோக்கியில் நீல ஒளி விட்டு டைனோஃபைசிஸைப் பாருங்கள். வெறும் பச்சையம் என்றால் சிவப்பாக ஒளிரும். இது ஆரஞ்சாக ஒளிரும், கிரிப்டோஃபைட்டின் நிறமி அப்படியே இருப்பதால். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

நெல்பேட்டை வாசகர்
அண்ணே, டைனோஃபைசிஸ் விஷம் என்கிறார்களே, மீன் வாங்கித் திங்கலாமா?

மண்டபத்துக்காரன்
மீனுக்குப் பயப்பட வேண்டாம் தம்பி. ஆபத்து மட்டி, சிப்பி வகைகளில். அவை தண்ணீரை வடிகட்டித் தின்பதால் டைனோஃபைசிஸின் நஞ்சான ஒகடாயிக் அமிலம் அவற்றின் உடம்பில் சேரும். தின்றவருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி வரும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கடல் நிறம் மாறியிருக்கும் நாட்களில் மட்டியை வாங்காதீர்கள்.

மேலூர் டீச்சர்
ரொம்ப நன்றி சார். 2019இல் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதே, அதுவும் இதே வகையா?

மண்டபத்துக்காரன்
இல்லைங்க டீச்சர், அது நாக்டிலூக்கா என்ற வேறொரு ஒருசெல் உயிரி. பசுங்கணிகத்தை மட்டும் பிரித்து எடுப்பதில்லை. பச்சைப் பாசியை உயிரோடு முழுசாகக் குடிவைத்துக்கொள்கிறது. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், கண்ணாடி போன்ற உருண்டைக்குள் பாசிகள் நீந்துவதே தெரியும். அந்த வருஷம் அது அளவுக்கு மீறிப் பெருகி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மீனோடு பவளப்பாறைகளும் செத்தன. அதைப் பார்த்த வேதனை இன்னும் போகலை.

வகுப்பில் காட்ட உங்களுக்குக் கடல் தேவையில்லை. பாரமீசியம் பர்சாரியா என்ற ஒருசெல் உயிரி குளத்து நீரில் வாழ்வது, அதுவும் குளோரெல்லா என்ற பச்சைப் பாசியை முழுசாகக் குடிவைக்கிற ரகம். ஊரணித் தண்ணீரை அழுகின இலையோடு அள்ளி வந்து தேடுங்கள். பச்சைப் புள்ளிகள் அடைத்த செருப்பு வடிவம் ஒன்று ஓடினால் அதுதான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்க்கவிடுங்கள்.