அணை நிலவரம் முதல் மரண அறிவித்தல் வரை: பேப்பரை வைத்துப் பாடம் நடத்திய அனுபவங்கள்

கணக்கு ஆசிரியர், அம்பாசமுத்திரம் பக்கம்

எட்டாம் வகுப்பில் பெரிய எண் வந்தாலே பிள்ளைகள் பூஜ்யத்தை எண்ணி எண்ணிக் களைத்துப்போவார்கள். ஒருநாள் டீக்கடையில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தபோது நெல்லைப் பதிப்பில் வரும் அணை நிலவரம் கண்ணில் பட்டது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அது முழு உயரம். பக்கத்திலேயே அன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். கடைக்காரரிடம் கேட்டு அந்தத் தாளை மட்டும் மடித்து எடுத்துப் போனேன்.

வினாடிக்கு 500 கன அடி திறப்பு என்று போட்டிருந்தது. கன அடி என்றால் எவ்வளவு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. 28 லிட்டர் சொச்சம், நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் கிட்டத்தட்ட ரெண்டு குடம் என்றதும், பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "அப்போ கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஆயிரம் கொடமா சார்?" என்றாள். அதற்கப்புறம் நான் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. 500-ஆல் பெருக்கினால் 4 கோடியே 32 லட்சம் கன அடி. நூறு கோடி கன அடி சேர்ந்தால் ஒரு டிஎம்சி. மேட்டூர் 120 அடியும் நிரம்பினால் 93.47 டிஎம்சி. ஒரே நாளில் ஒரு டிஎம்சி போகணும் என்றால் எவ்வளவு திறக்கணும் என்று ஒருவன் தானாகவே வகுத்துப் பார்த்து வினாடிக்கு 11,574 கன அடி என்று நோட்டை நீட்டினான். நான் கொடுக்காத கணக்கு அது.

அன்றிலிருந்து மணிமுத்தாறு நீர்மட்டத்தைத் தினமும் வரைபடத் தாளில் புள்ளி வைத்தோம். மூன்றாவது வாரம் கோடு திடீரென்று குழிக்குள் விழுந்தது. முந்தின நாள் 94.30, அன்றைக்கு 84.10. "ஒரே நாள்ல பத்தடி எறங்காது சார்" என்று ஒருவன் எழுந்து நின்றான். அவன் அப்பா கால்வாய் லஸ்கர், மதகைத் திறந்து மூடுகிறவர். மறுநாள் காலையில் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டான்: 94.10. அச்சுப்பிழை! அந்த வாரம் முழுக்க வகுப்பில் அவன்தான் ராஜா.

உங்கள் வகுப்பில் பேப்பர் என்ன செய்தது? எழுதுங்கள்.

தமிழாசிரியை, ஈரோடு மாவட்டம்

சார், பேப்பரின் பிழைதான் என் வகுப்புக்கே சோறு போடுகிறது. வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியல் போட்டு ஒப்பிக்கச் சொன்ன காலத்தில் ஒருத்தருக்கும் நிற்கவில்லை. இப்போது ஆளுக்கொரு பக்கமும் சிவப்புப் பேனாவும் கொடுத்துவிடுகிறேன். "குடிநீர் கேட்டு பொதுமக்கள் சாலை மறியல்" என்ற தலைப்பில் 'கேட்டு'வுக்கு அப்புறம் 'ப்' எங்கே என்று கத்துகிறார்கள். ஒரு பக்கத்தில் 23 கண்டுபிடித்தவள் இருக்கிறாள். அதில் நாலு அவளே தப்பாகப் போட்டது, அது வேறு கதை.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொன்று. ஒருநாள் விபத்துச் செய்தி ஒன்றின் தலைப்பை வாசித்த பெண், "பலின்னா கோயில்ல கெடா வெட்டறதுதானுங்க டீச்சர்? மனுசனுக்கு எதுக்குப் போடறாங்க?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போன வருசம் அவள் மாமா பைக்கில் போய் இறந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர்கள் வீட்டுச் செய்தியும் அந்த ஒரு சொல்லோடுதான் வந்திருக்கும்.

சந்தியை அன்றைக்கு ஓரமாக வைத்துவிட்டேன். ஒரு வாரத்துப் பேப்பரைப் பரப்பி, சாவுச் செய்திகளை மட்டும் எடுத்து, எந்த ஆளுக்கு எந்தச் சொல் என்று எழுதச் சொன்னேன். காலமானார், மரணமடைந்தார், உயிரிழந்தார், இறந்தார், சாவு, பலி. பெரிய மனிதர்கள் காலமாகிறார்கள். கட்டடத்திலிருந்து விழுந்த கொத்தனார் சாவு. லாரி மோதிய வாலிபர் பலி. யாருக்கு 'ஆர்' விகுதி கிடைக்கிறது, யாருக்கு இல்லை என்று பிள்ளைகளே கோடு போட்டுக் காட்டினார்கள். உயர்திணை மரியாதைப் பன்மையை இத்தனை வருசத்தில் இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, திருவள்ளூர்

எங்களுடையது சின்ன விஷயம்தான். தலைப்புகளில் 'ழ' எங்கே இருந்தாலும் வட்டம் போடச் சொல்வேன். பக்கத்தை முடித்துவிட்டுப் படங்களுக்கு மீசை வரைவார்கள். தடுப்பதில்லை. இருபத்தெட்டுப் பேருக்கும் பழைய தாள் கொடுப்பது எதிர்வீட்டுத் தாத்தா. எடைக்குப் போடுவதற்குப் பதில் எனக்குத் தருகிறார்.

அறிவியல் ஆசிரியர், கடலூர் மாவட்டம்

கலர்ப் படத்தை உருப்பெருக்கியில் காட்டியிருக்கிறீர்களா? வயல் படம் ஒன்றைக் கொடுத்து, பச்சை மையில் அச்சான புள்ளியைக் கண்டுபிடிப்பவருக்கு மிட்டாய் என்றேன். அரைமணி நேரம் தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும்தான்; ஒன்றின் மேல் ஒன்று விழுந்த இடம் பச்சையாகத் தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் நாலு புள்ளிகள் எதற்கு என்று அப்போதுதான் கேட்டார்கள்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. மிட்டாயை நானே தின்றேன்.

இன்னொன்று மழைமானி. பெட் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்தால் புனல். அடி மேடுபள்ளமாக இருக்குமல்லவா, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசியில் ஒருநாள் பாட்டிலில் 31 மி.மீ. மறுநாள் பேப்பரில் எங்கள் ஊருக்கு 12. "பேப்பர் பொய் சொல்லுது சார்" என்று ஒரே கூச்சல். தமிழய்யா வகுப்பில் பிழை பிடித்துப் பழகிய வாய்கள். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை. நாங்கள் பார்த்ததோ பள்ளி திறந்து ஒன்பதரைக்கு. அந்த ஒரு மணி நேரமும் மழை பெய்திருந்தது. அதுபோக அவர்களுடைய மானி இருப்பது இங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி. மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன் எட்டரைக்கே சுவர் ஏறிக் குதித்து அளந்தான். அப்போதும் ரெண்டும் ஒத்துப்போகவில்லை. அது வேறு மழை, இது வேறு மழை என்று அவனே சொல்லிவிட்டான்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். பள்ளிக் கூரையை அளந்து எத்தனை குடம் வீணாகிறது என்று கணக்குப் போட்டதும் உண்டு. குடம் என்ற அலகுக்கு நன்றி, அம்பாசமுத்திரம் சார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை

எல்லாம் சரி, கசப்பையும் யாராவது சொல்ல வேண்டுமே. நான் பணியில் இருந்தபோது ஒரு அப்பா நேரே அறைக்குள் வந்து, "எம் புள்ள கையில அந்தக் கட்சிப் பேப்பரக் குடுத்தீகளாமே" என்று நின்றார். மறுவாரம் மூன்று பேப்பர் வாங்கினோம். ஒரே கூட்டத்துக்கு ஒன்றில் 'ஆயிரக்கணக்கானோர்', இன்னொன்றில் 'திரளானோர்', மூன்றாவதில் அந்தச் செய்தியே இல்லை. அதையே சமூக அறிவியலில் நடத்தினார்கள். அந்த அப்பாவை அழைத்து உட்காரவைத்தேன். கடைசி வரை முகம் மலரவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

கொலை, கள்ளத்தொடர்புச் செய்திகளைக் கத்தரித்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஓட்டை விழுந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, வெட்டின இடத்தில் என்ன இருந்தது என்று தேடிக் கடைக்கே போய்விட்டார்கள் பயல்கள். இப்போது கேட்டால், பக்கம் முழுவதையும் எடுத்துவிடுங்கள், ஓட்டை மட்டும் போடாதீர்கள் என்பேன்.

புவியியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

நான் தரம் 9 பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இஞ்சத்தைய பேப்பரில், உதயன் என்றாலும் வலம்புரி என்றாலும், பிள்ளைகளின் வீட்டில் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். "அரியாலையைப் பிறப்பிடமாகவும் கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும். கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு.

ஒரு மாத அறிவித்தல்களை எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு, பிறப்பிடத்தில் இருந்து வதிவிடத்துக்கு உலகப்படத்தில் நூல் கட்டச் சொன்னேன். பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, லண்டன், அவுஸ்திரேலியா. இடம்பெயர்வு என்ற பாடத்தில் நான் வாய் திறக்கவே இல்லை. ஒரு பிள்ளை மட்டும், இரண்டு இடத்துக்கும் ஒரே ஊர் பெயர் போட்ட அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு நூல் எங்க கட்டுறது சேர்?" என்று கேட்டான். ஒரு ஊசியை மட்டும் குத்தச் சொன்னேன்.

அடுத்த நாள் அதே பிள்ளை அம்மம்மாவின் பெட்டியில் இருந்து ஒரு பழைய பேப்பர் கொண்டுவந்தான். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தது. எழுத்துக்கு நடுவால் கோடு ஓடும். வகுப்பில் எல்லாரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். படம் எடுக்க விடவில்லை, அம்மம்மா பேசுவா என்று திருப்பிக் கொண்டு போய்விட்டான்.

கணக்கு ஆசிரியர், அம்பாசமுத்திரம் பக்கம்

யாழ்ப்பாணத்து சேர், அந்த ஊசியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வகுப்பில் இப்போது நான் பேப்பர் கொண்டுபோவதில்லை. லஸ்கர் மகன் காலையில் மணி அடிக்கும் முன்னாலேயே கரும்பலகை மூலையில் நீர்மட்டத்தை எழுதிவிடுகிறான். நேற்று 71.50 என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில்: "பேப்பர்ல 77.50. எங்க அப்பா 71.50 சொன்னாங்க."