சூளகிரி வந்தும் முடியாத சண்டை

புத்தகமா, அதை வைத்து எடுத்த படமா என்று எல்லாரும் அவரவர் போட்ட சண்டையைச் சொல்கிறீர்கள், என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் தர்மபுரி, வேலை ஓசூரில். காலை பஸ்ஸில் டக்ளஸ் ஆடம்ஸின் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ என்ற விண்வெளி நகைச்சுவை நாவலைப் படித்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் இருந்த அண்ணன், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அட்டையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைப் படமா எடுத்துக் கெடுத்துட்டாங்க, தெரியுமா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 2005இல் வந்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் நாவலுக்கே வந்தேன். மார்வின் ரோபோவுக்கு ஆலன் ரிக்மன் கொடுத்த அலுத்துப்போன குரல் இல்லாமல் இப்போதும் என்னால் அந்தப் பக்கங்களைப் படிக்க முடியாது. அதனால் விடவில்லை. காரிமங்கலம் வரை நான்தான் பேசினேன்.

“அண்ணா, இது முதலில் 1978இல் வானொலி நாடகம். மறுவருஷம் நாவல், 1981இல் டிவி தொடர். ஒவ்வொரு தடவையும் ஆடம்ஸே கதையை மாற்றினார். நாவலில் இல்லாத ஹூமா கவூலா படத்தில் வருகிறானே, அவனும் ஆடம்ஸ் கற்பனைதான். 2001இல் அவர் இறந்த பிறகு திரைக்கதையை இன்னொருவர் முடித்தார், அவ்வளவுதான்.”

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். “மாத்தினது இருக்கட்டும் தம்பி, சிறுத்தை எங்கே?” என்றார்.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புறவழிச்சாலை போட கதாநாயகன் ஆர்தரின் வீட்டை இடிக்க வருவார்கள். திட்டத்தைத்தான் பார்வைக்கு வைத்திருந்தோமே என்பார் அதிகாரி. எங்கே வைத்திருந்தார்கள்? விளக்கும் இல்லாத, படிக்கட்டும் இல்லாத நிலவறையில், யாரும் புழங்காத கழிவறைக்குள், பூட்டிய பீரோவின் அடியில். கழிவறைக் கதவில் ‘சிறுத்தை ஜாக்கிரதை’ என்று ஒரு பலகை. கொஞ்ச நேரத்தில் பூமிக்கும் அதே கதிதான். படத்தில் நிலவறை வரை மட்டும் சொல்லிப் பேச்சை நறுக்கிவிட்டார்கள், பீரோவும் இல்லை, சிறுத்தையும் இல்லை.

காவேரிப்பட்டணம் தாண்டும்போது அண்ணன் தன் கதையைச் சொன்னார். சாலையை அகலப்படுத்த அவருடைய மாந்தோப்பில் ஒரு பகுதி போனதாம், காய்க்கிற மரங்கள். பேப்பரில் பொடி எழுத்தில் சர்வே எண்களாக அறிவிப்பு வந்திருக்கிறது. ஆட்சேபணை சொல்ல 21 நாள். இவருக்குத் தெரிந்தபோது கெடு முடிந்துவிட்டது. “அந்த வருஷம்தான் மகள் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தாள். சிறுத்தை வந்த இடத்தில் சிரிச்சேன், அப்புறம் ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. படத்தில் அதுக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.”

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பஸ் நின்றபோது என்னிடம் பதில் இல்லை. புது ஆளைச் சேர்த்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் அந்த நகைச்சுவை படிப்படியாக ஏறி ஏறிப் போய்ச் சிறுத்தையில் முடிகிறது, பாதிப்படியில் நிறுத்தினால் வெறும் தகவல்தான் மிஞ்சும். அந்த இடத்தில் அண்ணன் சொன்னதுதான் சரி. மார்வின் குரலுக்காக மட்டும் சூளகிரி வரை மல்லுக்கட்டினேன், அதை அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அரூர் வாசகி: எங்கள் வீட்டில் சித்தப்பாவோடு இதே சண்டை. அவர் டிவி தொடர் கட்சி. படத்தைப் பாதியில் நிறுத்தப் போனவர், பூமியை இடிக்கும் வேற்றுக்கிரகவாசிகளான வோகன்களின் அலுவலக வரிசையில் டிவி தொடரில் வந்த பழைய மார்வின் ரோபோ நிற்பதைப் பார்த்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். டிவியில் ஆர்தராக நடித்த சைமன் ஜோன்ஸும் மக்ராத்தியா என்ற கிரகம் வரும் காட்சியில் ஒரு நிமிஷம் தலைகாட்டுகிறார் என்று சொன்னேன், அதற்காகவே முழுப்படமும் பார்த்தார். சிறுத்தை விஷயத்தில் மட்டும் அவரும் உங்கள் அண்ணன் பக்கம்தான்.