மறு: தைலமரக் கொழுந்தில் வரும் புடைப்புக்கு என்ன சொல்?

வணக்கம். பூச்சியால் செடியில் வரும் புடைப்புக்கு ஆங்கிலத்தில் gall என்பார்கள், அதைக் 'கால்' என்று ஒலிபெயர்த்தே விட்டுவிடலாம் என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். தமிழில் கால் என்றால் கால்தான், அதனால் அது சரிவராது. பலரும் கைகாட்டுவது 'கழலை'. அது ஏன் கூடாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

சத்தியமங்கலம் பக்கம் எங்கள் மாமா காட்டில் தைலமரம் வெட்டி ஆலைக்குப் போன பிறகு, கட்டை துளிர்த்து வந்தது. கொழுந்து முழுக்க மணிமணியாக வீங்கி, இலை சுருண்டு கிடந்தது. "சீக்கு வந்துருச்சு கண்ணு, என்ன மருந்து அடிக்கோணும்னு கேட்டுச் சொல்லு" என்றார். ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தேன். நடுநரம்பு ஒரு பக்கம் பச்சையாகவும், வெயில் பட்ட பக்கம் இளஞ்சிவப்பாகப் பளபளவென்றும் இருந்தது. பிளேடால் கீறியதும் உள்ளே தனித்தனி அறை, அறைக்கு ஒரு வெள்ளைப் புழு, கால் கிடையாது. பக்கத்துக் கிளையில் காய்ந்த புடைப்புகளில் குண்டூசி குத்தியது போல வட்ட ஓட்டைகள். பூச்சி வெளியே போன வழி அது.

லெப்டோசைபே இன்வேசா என்று இந்தப் பூச்சிக்கு 2004இல் தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். தைலமரத்தைப் போலவே இதற்கும் பிறந்த ஊர் ஆஸ்திரேலியா. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய குட்டிக் குளவி, பெரும்பாலும் பெண்கள்தான், ஆண் சேராமலே முட்டையிடும். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் இளந்தண்டிலும் முட்டை வைத்துவிட்டால், மரமே வீங்கிப் புழுவுக்கு வீடும் சோறும் ஆகிவிடுகிறது. மேலே மருந்து அடித்தால் உள்ளே இருப்பதை எட்டுவது கடினம்.

'கழலை' என்றால் நம் ஆட்களுக்குக் கழுத்தில் வரும் கட்டிதான் ஞாபகம் வரும். சொல்லே 'இது நோய்' என்று சொல்லிவிடுகிறது. கேட்டவர் பூஞ்சாண மருந்து வாங்கப் போய்விடுவார். 'முடிச்சு' நல்ல சொல்தான், ஆனால் அவரை வேரில் இருக்கும் நல்ல முடிச்சும், தக்காளி வேரில் நூற்புழு போடும் கெட்ட முடிச்சும் ஏற்கெனவே அதில் அடைந்து கிடக்கின்றன. 'பொய்க்காய்' கேட்க அழகு. அது முந்திரிப் பழம் போன்ற பொய்க்கனியோடு குழம்பும்.

நம் முன்னோர் இதைப் பார்க்காதவர்கள் அல்ல. கடுக்காய்ப்பூ பூவே இல்லை, கடுக்காய் மரத்து இலையில் பூச்சியால் உண்டாகும் புடைப்பு. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயும் காய் அல்ல, ஓக் மரத்தில் ஒரு குளவி உண்டாக்குவது. நெல்லில் ஒரு சின்ன ஈயால் குருத்து குழலாக நீள்வதைப் பார்த்து ஆனைக்கொம்பன் என்றார்கள். உருவத்தையும் செய்கிறவனையும் ஒரே சொல்லில் கட்டியது அது. நாமும் அந்த வழியில் போகலாம் என்பது என் எண்ணம்.

அதனால் என் முன்மொழிவு: வீக்கத்துக்குப் 'புடைப்பு', பூச்சிக்குத் 'தைலமரப் புடைப்பான்'. நரம்பு புடைத்தது என்று தினமும் சொல்கிறோம், இந்தப் பூச்சி கைவைப்பதும் இலை நரம்பில்தான். அப்புறம் வினை கிடைக்கிறது: இலை புடைத்தது, புடைத்த கொழுந்து, புடைக்க வைக்கும் பூச்சி. கழலையை வைத்து இப்படி எழுத முடியுமா?

'புடைப்புக் குளவி' போதாதா என்று கேட்கலாம். இதை அடக்க வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நம் நாட்டில் விட்ட குவாட்ராஸ்டிக்கஸ் மெண்டலியும் இதே அளவுக் குளவிதான். கெடுப்பதும் குளவி, காப்பதும் குளவி என்றால் விவசாயி எதை விட்டுவைப்பார்? எதிரிக்குப் புடைப்பான், துணைக்கு ஒட்டுண்ணிக் குளவி என்று பிரித்துவிட்டால் தொல்லை இல்லை.

மாமாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "புடைப்பானா? அப்ப உள்ள ஆள் இருக்குதா?" என்று இலையைத் திருப்பிப் பார்த்தார். மருந்தைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

மேட்டுப்பாளையம், கோபி பக்கம் நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் வேறு பேர் சொல்லிக் கேட்டிருந்தால் எழுதுங்கள். வழக்கில் ஒன்று இருந்தால் என்னுடையதைத் தள்ளிவிடலாம்.