எஞ்சின் மாற்றிய பழைய கார்: சூடானபின் மேட்டில் இழுவை போகிறது, சற்று நிறுத்தினால் சரியாகிறது

பழையவண்டி:
கார்பரேட்டர் காலத்துக் கார். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு 1.8 லிட்டர் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சின், அதன் ஈசியூவோடு (எஞ்சினை இயக்கும் கணினி) ஏற்றியிருக்கிறது. டேங்க் பழையதே, பம்ப் வெளியே, சேஸிஸில். முதல் அரை மணி நேரம் குறையே இல்லை. அதற்குப்பின் மேட்டில் மிதித்தால் இழுக்கவே மாட்டேன் என்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கொஞ்சம் தெளிகிறது. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போனால் தொல்லை அதிகம். பிளக், காயில், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. ஃபால்ட் கோடு (ஈசியூ பதிந்துவைக்கும் கோளாறு எண்) எதுவும் இல்லை. அடுத்து பம்பை மாற்றலாமா?

ரிட்டர்ன்லைன்:
பம்பை இப்போது வாங்காதீர்கள். தொல்லை வரும் அந்த நேரத்தில் குறைவது பெட்ரோலா, ஸ்பார்க்கா என்று முதலில் பிடியுங்கள்.

செலவில்லாத சோதனை: இழுவை போனதும் நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டி சரியானால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. வேலை முடிந்தது.

இல்லையென்றால் ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துவிடும் குழாய்) டி-ஜாயின்ட் போட்டு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே கட்டிவைத்து ஓட்ட வேண்டும். பெட்ரோல் ஹோஸ் வண்டிக்குள் வரவே கூடாது. 3 பார் ரெகுலேட்டர் (பிரஷரை அளவாக வைக்கும் வால்வு), அதற்கு எஞ்சினிலிருந்து வேக்குவம் பைப்பும் இருந்தால் ஐடிலில் ஏறத்தாழ 2.5, முழுதாக மிதித்தால் 3 பார் காட்டும். மிதிக்கும்போது ஏறாமல் இறங்கினால் பெட்ரோல் போதவில்லை. முள் நடுங்கினால் லைனில் காற்றோ ஆவியோ இருக்கிறது.

என் சந்தேகம் பம்பின் உறிஞ்சும் பக்கம்தான். வெளியே வைக்கும் பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. கார்பரேட்டருக்குச் செலவான பெட்ரோல் மட்டும் போனால் போதும், அதற்கு மெல்லிய பைப்பே தாங்கும். இன்ஜெக்‌ஷன் பம்ப் மணிக்கு 100 லிட்டருக்கு மேல் சுற்றவிடுகிறது. எரிந்ததுபோக மிச்சம் எஞ்சின் சூட்டோடு டேங்குக்குத் திரும்புகிறது. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அது சீக்கிரம் சூடேறும். சூடான பெட்ரோலை ஒடுங்கிய பைப்பில் இழுத்தால் அங்கேயே கொதித்துக் குமிழ் விடும். பம்ப் குமிழைத் தள்ளாது. நிறுத்திவைத்தால் ஆறிவிடுகிறது, அவ்வளவுதான்.

எர்த்பாயின்ட்:
மேலே சொன்னது பொருந்துகிறது. ஆனால் கேஜ் மாட்டும்போதே மல்டிமீட்டரையும் மாட்டுங்கள். பம்ப் குறைவாகத் தள்ளுவதற்கு வோல்டேஜும் காரணமாகலாம். கேஜில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எஞ்சின் ஓடும்போது, லோடில், பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ்ஸுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் பக்கம் 0.2. மிஞ்சினால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக 2.5 சதுர மி.மீ. வயர் தனியாக இழுங்கள். பழைய இக்னிஷன் சுவிட்ச் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கட்டும்.

இன்னொன்று: பழைய கார்கள் சிலவற்றில் இக்னிஷன் காயிலுக்குப் போவது சாதாரண வயர் இல்லை, ரெசிஸ்டன்ஸ் வயர். ஈசியூ சப்ளையை அதிலிருந்து எடுத்திருந்தால் 12 வோல்ட் முழுதாக வராது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே எர்த் ஸ்ட்ராப் இருக்கிறதா என்றும் பாருங்கள், எஞ்சின் மாற்றும்போது மறப்பது அதைத்தான்.

கியரில் உருளும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு கிராங்க் சென்சாரையும் (எஞ்சின் சுழல்வதை ஈசியூவுக்குச் சொல்வது) இக்னிஷன் சப்ளையையும் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் அந்தக் கோளாறு இல்லை.

பழையவண்டி:
பார்த்தாயிற்று. மூடியைத் திறந்தும் மாற்றமில்லை. மிதித்தால் ஆரம்பத்தில் 3 பார். இழுவை போகும்போது 1.6-க்கும் 2.2-க்கும் இடையே முள் ஆடுகிறது. அப்போது பம்பில் 13.4 வோல்ட், எர்த் பக்கம் 0.1. ஆர்பிஎம் முள் விழவில்லை. பம்ப் கீச்சென்று கத்துகிறது. டேங்க் அவுட்லெட் உள்விட்டம் 6 மி.மீ. பம்புக்கு முன்னால் சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர், உள்ளே பேப்பர்.

ரிட்டர்ன்லைன்:
வோல்டேஜ் சரி, ஆர்பிஎம் முள்ளும் விழவில்லை, பிரஷர் முள் ஆடுகிறது; அப்படியென்றால் உறிஞ்சும் பக்கம்தான். அந்தப் பேப்பர் ஃபில்டரை முதலில் கழற்றுங்கள். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் வலை, பின்னால் 10 மைக்ரான் பேப்பர். இந்த வரிசை மாறக் கூடாது. டேங்கில் துரு இருந்தால் சுத்தம் செய்யாமல் வலை போடுவது வீண்.

உறிஞ்சும் பக்க ஹோஸையும் மாற்றுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் அங்கே பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணில் படாது. சில ஹோஸ் உள்ளே உரிந்து, உறிஞ்சும்போது மட்டும் வழியை மூடும்.

அடுத்து பம்பை டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இறக்கி, அவுட்லெட்டை 10 அல்லது 12 மி.மீ. ஆக்குங்கள். பெட்ரோல் இருந்த டேங்க் காலியானாலும் ஆவியில் வெடிக்கும்; வெல்டிங் தெரிந்தவரிடம், முழுதாகச் சுத்தம் செய்தபின் மட்டும். ரிட்டர்ன் பைப் அவுட்லெட்டின் பக்கத்தில் கொட்டினால் சூடும் நுரையும் நேரே பம்புக்கே போகும், அதைத் தள்ளி வையுங்கள்.

பழைய டேங்கில் பெட்ரோல் அலைவதைத் தடுக்கும் தடுப்பு பெரும்பாலும் இருக்காது; மேட்டில் பெட்ரோல் அவுட்லெட்டை விட்டு ஒதுங்கும். அதற்கு 1 முதல் 2 லிட்டர் சர்ஜ் டேங்க்தான் (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் தேக்கிவைக்கும் சின்ன இடைத் தொட்டி) மருந்து. லோ பிரஷர் பம்ப் ஒன்று அதை நிரப்பும், உங்கள் பம்ப் அதன் அடியிலிருந்து இழுக்கும், ரெயில் ரிட்டர்ன் அதற்கே திரும்பும், மேலே வழிவது டேங்குக்குப் போகும்.

டேங்க்உள்ளே:
டேங்கை எப்படியும் வெட்டப்போகிறீர்கள் என்றால், பம்பையே, பெட்ரோல் தேக்கும் கிண்ணத்தோடு உள்ளே இறக்கிவிடலாமே. பெட்ரோலில் மூழ்கிய பம்புக்கு உறிஞ்சும் பாடே இல்லை, சத்தமும் குறைவு. உள்ளே போடும் ஹோஸ் மட்டும் மூழ்கவைக்கவென்றே செய்ததாக இருக்க வேண்டும். வெளி ஹோஸின் மேல்தோல் பெட்ரோலில் கரையும்.

ஃபால்ட் கோடு வராததில் வியப்பில்லை. இந்த வகை ஈசியூ பலவற்றுக்கு ஃபியூயல் பிரஷர் சென்சாரே கிடையாது.

எர்த்பாயின்ட்:
எதைச் செய்தாலும் கேஜைக் கழற்றுவதற்கு முன் கால் டேங்க் பெட்ரோலோடு, நன்றாகச் சூடான எஞ்சினில் அதே மேட்டை ஒருமுறை ஏறுங்கள். நிறைந்த டேங்கில் சரியாக ஓடுவது இந்தக் கோளாறுக்குச் சோதனையே இல்லை.