தென்னாப்பிரிக்காவில் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி: கிளினிக்கில் கேட்பதும் பார்ப்பதும்

செவிலியர், சாட்ஸ்வொர்த்:
“போன வருஷம் ஊசி போட்டதுக்கப்புறம்தான்மா ஜுரமே வந்துச்சு.” தாத்தாக்களும் ஆயாக்களும் முதலில் சொல்வது இதுதான். வாதாடாமல், எந்த மாசம் போட்டீங்க என்று கேளுங்கள். பெரும்பாலும் வீட்டில் நாலு பேர் இருமத் தொடங்கிய பிறகு, குளிர்காலம் தொடங்கிவிட்ட ஜூன் வாக்கில் போட்டிருப்பார்கள். எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தொற்றிக்கொண்டால் பழி ஊசிமேல். ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட கிருமியின் துண்டுகள்; அதிலிருந்து ஃப்ளூ வரவே வராது. ஓரிரு நாள் கைவலி, லேசான உடம்புவலி இருக்கலாம்.

நம் டர்பன் பக்கம் மருந்து மார்ச், ஏப்ரலில் வருகிறது. ஈஸ்டர் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிப் போட்டுவிடுங்கள். ஆடிக் கூழுக்குக் கூட்டம் சேர்வது நடுக்குளிர்காலத்தில்; அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.

மருந்தாளுநர், ஃபீனிக்ஸ்:
65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசு கிளினிக்கில் இலவசம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கப் போகிற அன்றே கேளுங்கள். மருந்து தீர்ந்துவிடுவதுண்டு, முதலில் போன் செய்துவிடுங்கள். பார்மசியில் வாங்கி டாக்டரிடம் எடுத்துப்போவதில்தான் சிக்கல். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெயிலில் நிற்கும் காரில் கெடும்; ஐஸ்மேல் நேராக வைத்து உறைந்துபோனால் குப்பைக்குத்தான். பார்மசியிலேயே போட்டுக்கொள்வது உத்தமம்.

செவிலியர், சாட்ஸ்வொர்த்:
ஆயாக்களைக் கூட்டிவரும்போது தளர்ந்த கை வைத்த ரவிக்கை போட்டுவிடுங்கள். இறுக்கமான ரவிக்கையின் கழுத்தைத் தோள்வரை இழுத்துவிட்டுக் குத்தினால் ஊசி மேலே ஏறி மூட்டில் இறங்கிவிடலாம். அந்த வலி மாசக்கணக்கில்கூட நீடிக்கலாம். தோள் எலும்பின் நுனிக்கு இரண்டு மூன்று விரல் கீழே, தசையில் இறங்க வேண்டும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, குத்திய இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்கட்டும். முட்டை அலர்ஜி என்று ஒதுங்கத் தேவையில்லை.

முதியோர் பராமரிப்பாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
“ஒரு தடவை போட்டாச்சே” என்பவர்களுக்கு: கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது, போன வருஷ ஊசியின் வலுவும் குறைந்துவிடும். பூமியின் தென்பாதியில் உள்ள நாடுகளுக்கான மருந்தில் எந்த வகைகள் சேர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம், ஆனால் நிமோனியா, ஆஸ்பத்திரி என்று போகும் ஆபத்து குறைகிறது. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே அடிக்காது. சோற்றை ஒதுக்குவார்கள், குழம்பிப்போய்ப் பேசுவார்கள், நடக்கையில் தடுமாறுவார்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூ மாத்திரையை, உடம்புக்கு முடியாமல் போன 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.