நிம்சோவிச்சுக்கு உலக சாம்பியன் போட்டி ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி:
பையன் செஸ் வகுப்பில் நிம்சோ-இந்தியன் என்ற தொடக்க ஆட்டமுறையைப் படிக்கிறான். யார் அந்த நிம்சோ என்று கேட்டான். ஆரோன் நிம்சோவிச், ரீகாவில் பிறந்தவர், 1922-ல் கோபன்ஹேகனில் குடியேறியவர் என்று சொல்லிவிட்டேன். 1929 கார்ல்ஸ்பாட் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே பின்னால் தள்ளி முதலிடம் பிடித்தவர் பட்டத்துக்கு ஒரு தடவைகூட ஏன் ஆடவில்லை என்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
பணம்தான். கபாபிளாங்கா சாம்பியனாக இருந்தபோது பட்டப் போட்டிக்கு 1922-ல் வகுத்த லண்டன் விதிகளின்படி குறைந்தது 10,000 டாலர் பரிசுத்தொகைக்கு ஏற்பாடு ஆக வேண்டும். நிம்சோவிச் சவால் விட்டார், தொகை திரளவில்லை. ரஷ்யப் புரட்சிக்குப் பின் ஊரை விட்டு வந்து, வாடகை அறையில் இருந்துகொண்டு, எழுத்திலும் கண்காட்சி ஆட்டங்களிலும் பிழைத்தவருக்கு அவ்வளவு பணத்தை யார் கொடுப்பார்கள்? சொந்த நாடு என்று பின்னால் நிற்க ஒன்று வேண்டாமா?

பதில் 2:
பணத்தோடு இன்னொன்றும் உண்டு. கபாபிளாங்காவை அவர் ஒரு முறைகூட வென்றதில்லை. கார்ல்ஸ்பாட்டில் 21 சுற்றில் 15 புள்ளி, கபாபிளாங்காவும் ஸ்பீல்மானும் அரைப் புள்ளி பின்னால், பெரிய சாதனைதான். ஆனால் அப்போதைய உலக சாம்பியன் அலெகைன் அங்கே ஆடவில்லை. அடுத்த வருடம் சான் ரெமோவில் அலெகைன் 15-க்கு 14, இரண்டாவது வந்த நிம்சோவிச் 10½. நேருக்கு நேர் ஆட்டத்தில் அலெகைன் சி ஃபைலில், அதாவது பலகையின் மூன்றாவது நெடுவரிசையில், இரண்டு யானையையும் அவற்றுக்குப் பின்னால் ராணியையும் நிறுத்தினார், 30-வது நகர்வில் வென்று முடித்தார். இன்றும் அந்த அடுக்குக்கு அலெகைன் துப்பாக்கி என்றுதான் பெயர்.

பதில் 3:
சரி, ஆனால் 1926 டிரெஸ்டனை விட்டுவிட்டீர்களே! 9 ஆட்டத்தில் 8½, அலெகைனைவிட 1½ புள்ளி அதிகம். 1920-ல் கோதன்பர்க்கில் கடைசி இடங்களுக்குப் பக்கத்தில் முடித்தவர், ஆறே வருடத்தில் இப்படி எழுந்து வந்தார். எனக்கு அதுதான் பெரிது. பையனுக்கு 1923 கோபன்ஹேகனில் சாமிஷுடன் ஆடியதைக் காட்டுங்கள். பலகை நிறையக் காய் இருக்கும்போதே, எதை நகர்த்தினாலும் சேதம் என்று வெள்ளைக் காய்களோடு ஆடிய சாமிஷ் 25-வது நகர்வில் விட்டுக்கொடுத்துவிடுவார்.

கேட்டவர்:
நன்றி. சாமிஷ் ஆட்டத்தைப் பலகையில் வைத்தோம். வெள்ளைக்கு ஏதாவது வழி இருக்கும் என்று பையன் அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறான், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. சான் ரெமோ நாளைக்கு.